ஆற்றுவாய் வெட்டும் ஊர்

துறைதோறும் – 11

முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்ற பெரியவர் ஒரு கை வாவித் தண்ணீரை அள்ளி வாயில் விட்டார். சற்று நேரம் நாக்கில் வைத்திருந்து துப்பினார். பிறகு மேற்கே திரும்பிப் பார்த்தார்.

“உன்னிச்சைப் பக்கம் மழை பெய்திரிக்கி, மகன்.”

பாலமீன்மடுவில் ஒரு துளி மழை இல்லை. ஐப்பசி பிறந்து ஒரு வாரம். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. வெளிச்சவீட்டுக்கு அப்பால் கடல் இரைவது மட்டும் கேட்டது. உன்னிச்சைக் குளமோ வாவிக்கு மறுகரையில், உள்நாட்டில், பல கிலோமீற்றர் தொலைவில் கிடக்கிறது.

“எப்படிச் சொல்றீங்க, ஐயா?”

“உப்புக் குறைஞ்சிட்டு. நேத்து இப்படி இல்ல. மேல இருந்து நல்ல தண்ணி இறங்குது. வாய் மூடித்தான் கிடக்கு. மறுகா பாருங்க, தண்ணி ஏறும்.”

வாய் என்று அவர் சொன்னது ஆற்றுவாயை. மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. ஒரு பக்கம் பாலமீன்மடு, மறுபக்கம் நாவலடி. நான் போன அன்று இரண்டுக்கும் நடுவே தண்ணீர் இல்லை, மணல்தான் இருந்தது. இரவில் நண்டு ஓடிய தடம் அதன்மேல் தெரிந்தது. வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவே ஒரு மணல் முதுகு.

சென்ற வாரம் கிரேக்க நாட்டின் மெசொலோங்கிக் களப்பில் இருந்தோம். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1824இல் உயிர்விட்ட ஊர் அது. அங்கே களப்பு கடலைத் தொடும் இடங்களில் வேலி கட்டி, சினையோடு கடலுக்குத் திரும்பும் மீனை மறித்துப் பிடிப்பதைப் பார்த்தோம். அந்தச் சினையை உப்பிட்டு உலர்த்தி, தேன்மெழுகில் தோய்த்து விற்பதையும் பார்த்தோம். அந்த மீன் நமக்குப் புதியதில்லை. தமிழகத்தில் மடவை என்பதும் மட்டக்களப்பில் திரளி என்பதும் அந்தக் குடும்பம்தான். களப்பில் வளரும், கடலில் முட்டையிடும். இரண்டு வீடு உள்ள மீனுக்கு நடுவில் ஒரு வாசல் வேண்டும். மெசொலோங்கியில் அந்த வாசல் எப்போதும் திறந்திருக்கிறது. மட்டக்களப்பில் கடல் அதை ஆண்டுதோறும் மூடுகிறது, மழையும் மனிதரும் சேர்ந்து திறக்கிறார்கள். மத்தியதரைக் கடலிலிருந்து நேராக நான் இங்கே வந்ததற்கு அதுவே காரணம். இன்னொரு காரணமும் உண்டு: நான் பிறந்த கரை இது.

இந்தத் துறையைத் தேடி வருகிறவர்கள் முதலில் ஏமாந்துபோகக்கூடும். கல்லால் கட்டிய அலைதடுப்பு இல்லை, இரும்புத் தூண் இல்லை, பாரந்தூக்கி இல்லை. 1913இல் கட்டிய வெளிச்சவீடு ஒன்று வெள்ளையாக நிற்கிறது. அதன் கீழே வாவிக்கரையில் தோணிகளும் பைபர் படகுகளும் அணிவகுத்துக் கிடக்கின்றன. கரையில் ஓலையும் தகரமும் போட்ட வாடிகள். தோணிகளின் நெற்றியில் முருகன் பெயரும் மாதா பெயரும் கண்ணகி அம்மன் பெயரும் எழுதியிருக்கிறது. மோல்ற்றாத் தீவின் மர்சஷ்லொக்கில் படகின் முகத்தில் இரண்டு கண் வரைந்திருந்தது நினைவிருக்கும். கடலுக்குப் போகிறவன் தன்னைவிடப் பெரிய ஒன்றின் காவலில் போக விரும்புகிறான். கரை எதுவானாலும் இந்த மனம் ஒன்றுதான்.

வாவியின் அளவைச் சொல்லிவிட வேண்டும். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கு இணையாக, கடலைவிட்டுப் பிரிய மனமில்லாததுபோல் கிடக்கிறது. இவ்வளவு நீளத்துக்கும் கடலுக்கு இரண்டே வாய்கள்: வடக்கே இந்தப் பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றில் இன்னொன்று. ஊரின் பெயரிலேயே களப்பு இருக்கிறது. வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக, சூரியன் எழும் கரை எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் கரை படுவான்கரை. எழுவான்கரையில் வலை, படுவான்கரையில் வயல். இந்த இரண்டு சொற்களையும் அறியாமல் மட்டக்களப்பின் எந்தக் கதையையும் சொல்ல முடியாது. ஆற்றுவாயின் கதையும் அப்படித்தான்.

ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: அம்பிளாந்துறை, மண்முனைத்துறை, சம்மாந்துறை. சம்பான் எனும் படகுகள் வந்து நின்ற துறை சம்மாந்துறை ஆனது என்று ஊரில் சொல்வார்கள். தெருக்களும் பாலங்களும் வருவதற்கு முன் இந்த வாவியே பெருந்தெரு. நெல் மூட்டையும் உப்பும் கருவாடும் மணப்பெண்ணும் தோணியில் போனார்கள். எங்கள் ஊரில் ‘பாதை’ என்றால் நிலத்தில் நடக்கும் வழி மட்டும் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். தண்ணீரில் போகும் ஒன்றைப் பாதை என்று அழைக்கும் மக்கள், தண்ணீரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

சிறு வயதில் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் தேருக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்து நின்றிருக்கிறேன். பலகைத் தளத்தில் சைக்கிள்கள், கோழிக் கூடை, தாமரைப் பூக்கட்டு, கைக்குழந்தைகள். நடு வாவியில் எல்லோரும் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள். 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறந்தது. படுவான்கரைக் கர்ப்பிணித் தாய்க்கு அந்தப் பாலம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தத் துறையில் இரவில் காத்து நின்றவர்கள் அறிவார்கள். பாலம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பாலத்தில் போகிறவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போகிறார். பாதையில் போனவர் தண்ணீரோடு போனார்.

இந்த ஆற்றுவாய் வரலாற்றிலும் கை வைத்திருக்கிறது. ஒல்லாந்தர் இலங்கையில் முதலில் கால் வைத்தது இந்தக் கரையில்: 1602 மே 31 அன்று ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கனின் கப்பல்கள் மட்டக்களப்புக்கு வெளியே நங்கூரமிட்டன. கண்டி அரசன் விமலதர்மசூரியனைத் தேடி வந்தவர் அவர். போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டியபோது கடலோரத்தில் கட்டவில்லை. முகத்துவாரத்திலிருந்து உள்ளே தள்ளி, வாவி சூழ்ந்த புளியந்தீவில் கட்டினார்கள். மணல்திட்டும் குறைந்த ஆழமும் பெருங்கப்பல்களை உள்ளே விடாது, சிறு தோணிகளே வந்து போகும் என்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. ஆனாலும் 1638 மே 18 அன்று வெஸ்டர்வோல்ட்டின் ஒல்லாந்தப் படை, இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு அந்தக் கோட்டையைப் பிடித்தது. ஐந்து நாளில் இருவருக்குமிடையே உடன்படிக்கையும் எழுதப்பட்டது. இலங்கையின் கரையோரம் கைமாறத் தொடங்கியது இந்த வாவிக்கரையில். 1814இல் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் இந்தப் புளியந்தீவில்தான். தீவின் கரையில் இன்று அவருக்குச் சிலை நிற்கிறது.

கப்பல்காரர்களின் காலம் போய்விட்டது. ரயிலும் லொறியும் வந்தபின் சரக்குத் தோணிக்கு வேலை இல்லை. மீன்பிடித் தோணி மட்டும் நிலைத்தது. அரசர்களும் படைத்தலைவர்களும் வருவதற்கு முன்பும் அதுதான் இங்கே இருந்தது.

வெளிச்சம் வந்ததும் துறை விழித்தது. வாவிக்குள் இரவு முழுவதும் இருந்த தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில தோணிகளில் ஒரே ஆள்: பின்னால் குந்தியிருந்து சவள் எனும் துடுப்பைப் போடுபவரும் அவரே, வலை இழுத்தவரும் அவரே. தோணி மணலைத் தொட்டதும் மனைவியோ மகனோ இறங்கி வந்து மறுமுனையைப் பிடிக்கிறார்கள். வலையிலிருந்து இறாலைக் கழற்றுவது ஒரு கலை. முள்ளோடு சிக்கிய இறாலை அவசரப்பட்டு இழுத்தால் தலை கழன்றுவிடும், தலை போனால் விலை போகும். ஓர் அம்மா இரண்டு விரலால் நூலை விலத்தி, இன்னொரு விரலால் இறாலைப் பின்னோக்கித் தள்ளினார். பூக்கட்டும் கை போல இருந்தது. பத்து நிமிடத்தில் ஒரு சிறு கும்பம் சேர்ந்தது. திரளி தனி, மணலை தனி, ஓரா தனி. முள்ளுக்குப் பயந்து ஓராவைத் தலைப்பக்கமாகத்தான் பிடிக்கிறார்கள்.

சாக்கு விரிப்பில் மீன் கூறு கூறாக வைக்கப்பட்டது. ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்களில் வியாபாரிகள் வந்து சுற்றி நின்றார்கள். காத்தான்குடியிலிருந்து ஒருவர், ஏறாவூரிலிருந்து ஒருவர், நகரச் சந்தைக்கு இருவர். தமிழரும் முஸ்லிம்களுமாக ஒரே விரிப்பைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். இந்த இரு சமூகங்களுக்கும் நடுவே இந்த மாவட்டம் பட்ட காயங்களை அறிந்தவனுக்கு அந்தக் காட்சி சாதாரணமில்லை. விலை ஏறி இறங்கி முடிந்தது. அரை மணி நேரத்தில் சாக்கில் ஈரம் மட்டும் மிஞ்சியது.

கடலுக்குப் போகும் பைபர் படகுகளுக்கு அன்று பெரும்பாடு. வாய் திறந்திருந்தால் வாவியிலிருந்து நேரே கடலுக்குள் ஓடிவிடலாம். மூடிக் கிடந்ததால் படகை மணல் முதுகின்மேல் ஏற்றி மறுபக்கம் இறக்க வேண்டும். உருளைக் கட்டைகளை மணலில் அடுக்கினார்கள். ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில் தள்ள, படகு ஒரு முழம் நகரும். பின்னால் வெளிவந்த கட்டையை ஒரு பையன் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிப் போடுவான். மறுபடியும் குரல், மறுபடியும் ஒரு முழம். நானும் தோள் கொடுத்தேன். கடல் அலை படகின் அடியைத் தொட்ட கணத்தில் அந்தப் பாரம் சட்டென்று இல்லாமல் போனது. என் தோளில் அந்த வலி மூன்று நாள் இருந்தது. அவர்களுக்கு மாதக்கணக்கில் தினமும் இதுதான்.

வாய் எப்படி மூடுகிறது? வறண்ட மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது ஆறுகளில் நீர் இல்லை, வாவிக்குத் தள்ளும் பலம் இல்லை. கரையோரமாக மணலைச் சுமந்துவரும் கடல் அதை வாயில் இறக்குகிறது. இறக்கிய மணலை வெளியே தள்ள ஆற்றோட்டம் இல்லாததால் திட்டு வளர்ந்து கரையோடு கரை சேர்கிறது. பிறகு வாடைக்காற்றோடு மாரி வருகிறது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்கள் நிறைந்து வழிகின்றன. அந்த நீரெல்லாம் வாவிக்கே வருகிறது. வாய் மூடியிருந்தால் வாவி வீங்குகிறது. படுவான்கரையின் பள்ள வயல்களில் தண்ணீர் ஏறுகிறது, எழுவான்கரையில் தாழ்ந்த வளவுகளுக்குள் புகுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் அந்தப் பழைய கேள்வி எழும்: ஆற்றுவாயை எப்போது வெட்டுவது?

வேளாண்மை செய்கிறவர் சீக்கிரம் வெட்டச் சொல்வார். எங்கள் ஊரில் வேளாண்மை என்றால் நெற்பயிர். பெரும்போகத்துக்கு விதைத்த பயிர் பிஞ்சாக நிற்கும்போது நாலு நாள் தண்ணீருக்குள் நின்றால் அழுகிவிடும். போட்ட பணமும் உழைப்பும் போய்விடும். அவர் பயம் நியாயமானது. மீன்பிடிப்பவர் பொறுக்கச் சொல்வார். வாவியில் நீர் போதிய உயரம் ஏறுமுன் வெட்டினால், ஓட்டத்துக்கு வலு இருக்காது. வாய் ஆழமாக அறுபடாது. சில நாளில் கடல் மறுபடியும் மணலைப் போட்டு மூடிவிடும். வாவி வற்றியதுதான் மிச்சம். அவர் சொல்வதும் நியாயமே. மிகவும் பிந்தினால் வயலும் வீடும் போகும். மிகவும் முந்தினால் வாசல் திறக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் தலையாய தொழில்நுட்பம்.

“முந்தி போடியார்மாரும் வட்டைவிதானையும் இங்க வருவாங்க,” என்றார் பெரியவர். போடியார் பெரிய வயற்காரர், வட்டைவிதானை வயல் வேலைகளை மேற்பார்ப்பவர். “எங்கட ஆக்களும் நிப்பாங்க. சண்டையும் நடக்கும். மறுகா ஒரு நாளக் குறிப்பாங்க. குறிச்சா ரெண்டு கரையும் மண்வெட்டியோட வரும்.”

நான் அதை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். மாமா தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கடல் பக்கத்திலிருந்து வாவியை நோக்கி ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு ஆள் அகலம்தான் இருக்கும். வாவியோரத்தில் ஒரு மண்வரம்பை மட்டும் உடைக்காமல் விட்டார்கள். கடல் வற்றும் நேரத்துக்குக் காத்திருந்தார்கள். வற்றியதும் ஒரு பெரியவர் வாவியைக் கும்பிட்டுவிட்டு வரம்பில் மண்வெட்டியைப் போட்டார். முதலில் வந்த தண்ணீர் ஒரு கயிற்றளவுதான். பிள்ளைகள் நாங்கள் அதில் கால் நனைத்தோம். கொஞ்ச நேரத்தில் மாமா எங்களை இழுத்து எடுத்தார். கயிறு வடமாயிற்று, வடம் ஆறாயிற்று. இரண்டு பக்கத்து மணலும் வீட்டுச் சுவரைப்போல் தொபுக்கென்று சரிந்து விழுந்தது. செம்மண் நிறத் தண்ணீர் கடலின் நீலத்துக்குள் நீளமாகப் புகுந்தது. பின்னேரம் ஆவதற்குள் ஒரு தெருவின் அகலத்துக்கு வாய் பிளந்துவிட்டது. மனிதர் வெட்டியது ஒரு சிறு கோடு. மீதியை வாவி தானே செய்துகொண்டது.

வெட்டிய அன்றிரவு முகத்துவாரத்தில் யாரும் தூங்கவில்லை. வாவியில் வளர்ந்த இறால், ஓட்டத்தோடு கடலுக்குப் புறப்படும் நேரம் அது. கரை நெடுக விளக்குகள் அசைந்தன.

இறாலின் வாழ்க்கையும் திரளியைப் போல இரண்டு வீட்டு வாழ்க்கை. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு ஊசி முனையளவில் அலையோடு மிதந்து, வாய் வழியே வாவிக்குள் வருகிறது. கண்டல், கின்னை மரங்களின் வேர்க்கால்களுக்குள், உப்பும் நன்னீரும் கலந்த சேற்றில் சில மாதம் தின்று வளர்கிறது. வளர்ந்ததும் கடலுக்குத் திரும்புகிறது. சேற்று நண்டில் தாய் நண்டு முட்டையோடு கடலுக்குப் போகிறது. கடலுக்குப் போகும் வாசல் திறக்காத ஆண்டில் கடலுக்கும் நட்டம். உள்ளே வரும் வாசல் இல்லாத ஆண்டில் வாவிக்கும் நட்டம். அந்த அம்மா விரல்களுக்கிடையே கழற்றிய இறால், இந்த மணல் முதுகு திறந்த ஒரு நாளில் உள்ளே வந்திருக்க வேண்டும்.

இன்று மண்வெட்டிக்குப் பதில் பெக்கோ இயந்திரம் வெட்டுகிறது. நாள் குறிப்பது மாவட்டச் செயலகமான கச்சேரியில். மாவட்டச் செயலாளர், நீர்ப்பாசனம், விவசாயம், கடற்றொழில் என்று எல்லாத் திணைக்களமும் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். இயந்திரம் வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளம் வாசலுக்கு வந்தபின் நூறு பேரைத் திரட்ட நேரம் இருக்காது. எனக்குள்ள கவலை வேறு. நாக்கில் தண்ணீரை வைத்து உன்னிச்சை மழையைச் சொல்லும் இந்த மனிதருக்கு அந்த மேசையில் எந்த இடம்? மனுக் கொடுக்க வந்தவரின் இடமா, வாவியை அறிந்தவரின் இடமா?

இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று உண்டு. 1848 செப்டெம்பரில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமேர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். வாவிக்குள்ளிருந்து இசை கேட்கிறது என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டியிருந்தது. அவர் மீன்பிடிப்போரை அழைத்துக் கேட்டார். ஊரி எனும் சிப்பி உயிர் எழுப்பும் ஒலி அது என்று சொல்லி, அந்த ஊரிகளையும் அவர்கள் கொண்டுவந்து காட்டினார்கள். நிலவில் அவர்களோடு தோணியில் போய், தோணியின் விளிம்பில் காதை வைத்து அவரே கேட்டார். 1859இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில் அந்த ஒலியையும் அவர்கள் சொன்ன விளக்கத்தையும் எழுதிவைத்தார். பின்னாளில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி ஒலிபரப்பியது. பாடுவது மீனா, ஊரியா என்ற விவாதம் இன்றுவரை முடியவில்லை. அது முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஆட்சியின் உச்சியில் இருந்த ஒருவர், வாவியைப் பற்றி அறிய வாவிக்காரரிடம் போனார் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. கேட்கும் முறையும் அவர்களுடையதே: சவளை நீரில் இறக்கி, மறுமுனையைக் காதில் வைப்பது. படகை ஓட்டும் கருவியே அவர்களுக்குக் கேட்கும் கருவி.

தண்ணீரை அறிந்தவருக்கு முடிவில் இடம் தரும் முறை வேறு கரையிலும் உண்டு: பிரான்சின் மத்தியதரைக் கரையில் புருதோமி என்ற அமைப்பு. மார்செய் போன்ற ஊர்களில் நூற்றாண்டுகளாக நடக்கிறது. மீனவர்கள் தங்களுக்குள் தேர்ந்த மூத்தவர்கள், எந்த வலை எங்கே எப்போது என்று விதி செய்கிறார்கள், தகராற்றைத் தீர்க்கிறார்கள். அவர்கள் தீர்ப்பை அரசு ஏற்கிறது. நமக்கும் கடற்றொழிலாளர் சங்கங்கள் உண்டு. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டமும் மீனவர் குழுக்களுக்கு இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்தை உண்மையான இடமாக்குவதுதான் மிச்சம்.

அதற்கு அவசரமும் உண்டு. சட்டம் தடுத்த தங்கூஸ் வலை இன்னும் வாவிக்குள் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நூல் குஞ்சையும் விடாது. அறுந்து தண்ணீருக்குள் கிடந்தாலும் கொன்றுகொண்டே இருக்கும். கரையோரக் கண்டலை வெட்டி மண் நிரப்புகிறார்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தாவலில் ஏறியபோது, கடலுக்குப் போகாமல் கரையில் நாட்களை எண்ணியவர்கள் பலர். போர்க்காலத்தில் இரவுக் கடல் தடை, அனுமதிச் சீட்டு, சோதனைச் சாவடி என்று பட்டதை எழுதினால் அதுவே ஒரு தொடர்.

வாய்க்கு மறுகரையில் நாவலடி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு நாடாவைப் போலக் கிடக்கும் நிலம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்த நாடாவைத் தாண்டி வாவிக்குள் போனது. அருகே கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்தது. நாவலடியில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தப்பியவர்களைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். கடலிலிருந்து தள்ளி வீடு கிடைத்தது. ஆனால் தொழில் கடலில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து இத்தனை தூரம் வந்து வலையைத் தொடுகிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட தண்ணீரிடம் திரும்பி வர எவ்வளவு மனம் வேண்டும் என்று அவர்களில் ஒருவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அவர் வலையின் ஒரு நுனியை என்னிடம் தந்து மடிக்கச் சொன்னார். நான் மடித்தேன்.

புறப்படும்போது பெரியவரிடம் கேட்டேன்: “இந்த வருசம் எப்ப வெட்டுவாங்க, ஐயா?”

அவர் மணல் முதுகைப் பார்த்தார். வாவிப் பக்கத்தில் நட்டு வைத்திருந்த ஒரு கம்பைப் பார்த்தார். கம்பில் மூன்று வெட்டுகள் இருந்தன. தண்ணீர் முதல் வெட்டுக்கும் கீழே நின்றது.

“ரெண்டாவது வெட்டத் தொடட்டும். அதுக்கு முந்தி வெட்டினா வாய் நிக்காது. இத நான் அங்க போயும் சொல்லுவன். கேட்டாச் சரி.”

மாரி முழுவதும் அந்தக் கம்பின் நினைவாக இருந்தேன். தை பிறந்த பிறகு ஒரு காலையில் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டேன். பின்னால் படகு எஞ்சின் சத்தமும் ஆட்களின் குரலும் கேட்டன. வெட்டியாயிற்று என்றார். எந்த வெட்டைத் தொட்டபோது என்று கேட்டேன். இரண்டாவதைத் தாண்டி இரண்டு விரல், என்றார். வயல் தப்பிவிட்டதாம். வாய் இன்னும் ஆழமாகவே நிற்கிறதாம்.

“தண்ணி எப்படி இருக்கு, ஐயா?”

சற்று நேரம் பதில் இல்லை. அலையும் எஞ்சினும் மட்டும் கேட்டன. பிறகு அவர் துப்பும் சத்தம் கேட்டது.

“கரிக்குது, மகன். குஞ்சு வந்திரிக்கும்.”

(அடுத்த வாரம்: வாழைச்சேனைத் துறைமுகம். பல நாள் கடலில் தங்கும் படகுகளும் கரையில் காத்திருப்பவர்களும்.)